ஃபார்ம்.டி. சேர்க்கைக்கு ஜிபிஏ கணக்கிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மருந்தாளுநர் ஆக வேண்டுமென்றால் ஃபார்ம்.டி. பட்டம் வேண்டும். நான் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கிறேன். கோடை வந்தால் போதும், எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் படித்து வளர்ந்த பிள்ளைகள் டிரான்ஸ்கிரிப்ட்டை, அதாவது கல்லூரி மதிப்பெண் பட்டியலை, தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஊரிலிருந்து பி.ஃபார்ம். முடித்தவர்களும் ஃபோனில் கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே குழப்பம்தான்: கல்லூரி தரும் ஜிபிஏ (எல்லாக் கிரேடுகளின் சராசரிப் புள்ளி) ஒன்று, விண்ணப்பத்தில் வரும் ஜிபிஏ வேறொன்று. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதிப் பேர் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரியே ஜிபிஏ போட்டுத் தந்திருக்கிறதே, இன்னொரு கணக்கு எதற்கு?

ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒவ்வொரு விதி. ஓரிடத்தில் ஏ மைனஸ் உண்டு, இன்னோரிடத்தில் கிடையாது. ஓரிடத்தில் தோற்ற பாடத்தைத் திரும்ப எழுதினால் பழைய கிரேடு போய்விடும், இன்னோரிடத்தில் போகாது. இப்படி வருகிறவர்களை ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்க ஒரே அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலைத் தருவது ஃபார்ம்கேஸ். அமெரிக்க மருந்தியல் கல்லூரிகளின் சங்கம் நடத்தும் பொது விண்ணப்ப முறை அது. பெரும்பாலான கல்லூரிகள் இதன் வழியாகத்தான் விண்ணப்பம் வாங்குகின்றன. நீங்கள் படித்த ஒவ்வொரு கல்லூரியின் ஒவ்வொரு பாடத்தையும் நீங்களே உள்ளிட வேண்டும். கல்லூரி நேரடியாக அனுப்பும் டிரான்ஸ்கிரிப்ட்டோடு அவர்கள் ஒப்பிட்டுச் சரிபார்த்து, தங்கள் விதிப்படி ஜிபிஏவைப் புதிதாகப் போடுவார்கள். தேர்வுக் குழுவின் கண்ணில் முதலில் படுவது அந்த எண்தான்.

அதை நாமே கையால் போட்டுப் பார்க்க முடியுமா?

தாராளமாக. ஒரு தாள், ஒரு பென்சில், நான்கு பத்தி போதும்: பாடம், கிரெடிட் (பாடத்தின் எடையைக் காட்டும் எண்), கிரேடின் மதிப்பு, கிரெடிட்டையும் மதிப்பையும் பெருக்கிய புள்ளி.

மதிப்புகள் இவை. ஏ 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7, சி பிளஸ் 2.3, சி 2.0, சி மைனஸ் 1.7, டி பிளஸ் 1.3, டி 1.0, டி மைனஸ் 0.7, எஃப் சுழியம்.

முதல் செமஸ்டரில் ஒரு பெண் எடுத்த பாடங்களை வைத்துப் பார்ப்போம். பொது வேதியியல் 4 கிரெடிட், சி, புள்ளி 8. உயிரியல் 4 கிரெடிட், பி பிளஸ், 13.2. கால்குலஸ் 4 கிரெடிட், பி; 12. ஆங்கிலக் கட்டுரை 3 கிரெடிட், ஏ, 12. உளவியல் 3 கிரெடிட், ஏ மைனஸ், 11.1. மொத்தம் 18 கிரெடிட், 56.3 புள்ளி. வகுத்தால் 3.13.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. ஐந்து கிரேடையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 3.20 வரும். பலர் அதைத்தான் தன் ஜிபிஏ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிரெடிட் கூடிய பாடத்துக்கு எடையும் கூடும். மருந்தியலுக்கு முந்தைய படிப்பில் கனமான பாடங்கள் பெரும்பாலும் வேதியியலும் உயிரியலும்தான் என்பதால், அங்கே சறுக்கினால் மொத்தமும் சறுக்கும். ஆய்வகத்தைத் தனிப் பாடமாக 1 கிரெடிட்டுக்குப் போட்டிருந்தால் அதையும் தனி வரியாகவே எழுதுங்கள்.

இரண்டு தசமத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஒவ்வொரு செமஸ்டர் ஜிபிஏவையும் கூட்டிச் சராசரி எடுப்பதும் கூடாது. எத்தனை வருடம் ஆனாலும் மொத்தப் புள்ளியை மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அறிவியல் ஜிபிஏ என்று தனியாக ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது, என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். ஃபார்ம்கேஸ் ஒரே ஒரு எண்ணைத் தருவதில்லை. மொத்தம், அறிவியல், கணிதம், இரண்டும் சேர்ந்தது, அறிவியல் அல்லாதது என்று பிரித்துப் போடும்.

மேலே சொன்ன பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். வேதியியலும் உயிரியலும் சேர்ந்து 8 கிரெடிட், 21.2 புள்ளி. அறிவியல் ஜிபிஏ 2.65. கால்குலஸையும் சேர்த்தால் 2.77. ஆங்கிலமும் உளவியலும் மட்டும் பார்த்தால் 3.85. மொத்தத்தில் 3.13 என்று மரியாதையாகத் தெரிந்த எண்ணுக்குள்ளே 2.65 ஒளிந்திருக்கிறது. தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் மருந்தியக்கவியலும் மருத்துவ வேதியியலும் கற்பிப்பவர்கள். அவர்களுடைய கண் நேரே அந்த 2.65-க்குத்தான் போகும்.

எந்தப் பாடம் எந்தக் கூடையில் விழும் என்பது நீங்கள் விண்ணப்பத்தில் தேர்ந்தெடுக்கும் பாடப்பிரிவைப் பொறுத்தது. பாடத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிரிவு பொருந்தாவிட்டால் சரிபார்க்கும்போது அவர்களே மாற்றிவிடுவார்கள், ஆகவே எண்ணை உயர்த்திக் காட்ட இதில் வழி தேடவேண்டாம்.

சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினேன். பழைய சி போய்விடும்தானே?

போகாது. இந்த ஒரு பதிலைச் சொல்லும்போது மட்டும் எனக்கு இன்னமும் மனசு கஷ்டமாக இருக்கும்.

மேலே சொன்ன அந்தப் பெண் போன வருடம் வந்தாள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டிரான்ஸ்கிரிப்ட்டை விரித்து வைத்தாள். வேதியியல் வரி இரண்டு இடத்தில் இருந்தது. முதல் வரியில் சி, பக்கத்தில் ரிப்பீட் என்று ஒரு சின்னக் குறி. அடுத்த வருடத்தில் அதே பாடம், ஏ. கல்லூரி பழைய சியைத் தள்ளிவிட்டு 64.3-ஐ 18-ஆல் வகுத்து 3.57 என்று போட்டிருந்தது. "மாமா, 3.5-க்கு மேல இருக்கு, நல்ல காலேஜுக்கே போடலாம்ல?" என்று ஆசையாகக் கேட்டாள். நான் பென்சிலை எடுத்து, அடித்திருந்த வரியைத் திரும்பவும் கணக்கில் சேர்த்தேன். 56.3-உடன் 16. மொத்தம் 72.3 புள்ளி, 22 கிரெடிட். 3.29. கொஞ்ச நேரம் அவள் பேசவே இல்லை. "இத எங்க அட்வைசர் சொல்லவே இல்லையே மாமா" என்றாள்.

ஃபார்ம்கேஸில் எத்தனை முறை எடுத்தாலும் அத்தனை முறையும் கணக்கில் வரும். கல்லூரி கொடுத்த கிரேடு மன்னிப்பு, புதுத் தொடக்கம் என்ற பெயரில் பழைய செமஸ்டர்களையே நீக்கியது, எதுவும் இங்கே செல்லாது. டிரான்ஸ்கிரிப்ட்டில் இருப்பதை எல்லாம் எழுத வேண்டும்.

அப்படியானால் திரும்ப எடுப்பதே வீணா என்றால், இல்லவே இல்லை. அந்தப் பெண்ணின் அறிவியல் ஜிபிஏ 2.65-இலிருந்து 3.10-க்கு ஏறியது. சி மைனஸோ டியோ வாங்கியிருந்தால் திரும்ப எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் சேரும் முன் முடித்திருக்க வேண்டிய முன்தேவைப் பாடங்களில் சி-க்குக் குறைந்ததைப் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்பதில்லை. ஆனால் பி வாங்கிய பாடத்தை ஏ ஆக்குவதற்காகத் திரும்ப எடுப்பவர்களைப் பார்க்கிறேன். அந்த 4 கிரெடிட்டை உயிர்வேதியியலிலோ நுண்ணுயிரியலிலோ போட்டு ஏ வாங்கினால் ஜிபிஏ அதே அளவுதான் ஏறும், மேலே ஒரு புதுப் பாடமும் கையில் இருக்கும்.

பள்ளியில் படிக்கும்போதே எடுத்த கல்லூரிப் பாடங்களும் சேருமா?

சேரும். பதினோராம் வகுப்பிலேயே பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் பதிவு செய்து, பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்து கிரெடிட் வாங்கியிருந்தால் அது கல்லூரிப் பாடம். அந்தக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்ட்டும் தனியாகப் போக வேண்டும். பதினாறு வயதில் எடுத்த ஒரு சி, இருபத்தொரு வயதில் வந்து நிற்கும். பெற்றோரிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: கட்டணம் மிச்சம், கிரெடிட் லாபம் என்பதற்காக, பிள்ளை தயாராக இல்லாத பாடத்தில் அவசரப்பட்டுச் சேர்த்துவிடாதீர்கள்.

பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடத்துக்கு எழுதும் ஏபி தேர்வு வேறு. அதில் வாங்கிய கிரெடிட்டுக்கு எழுத்து கிரேடு கிடையாது, ஆகவே ஜிபிஏவில் வராது. அந்தக் கிரெடிட்டை முன்தேவையாக ஏற்பதா என்பதை ஒவ்வொரு மருந்தியல் கல்லூரியும் தனித்தனியாக முடிவு செய்யும்.

டபிள்யூ, பாஸ், ஏ பிளஸ் இதெல்லாம்?

பாதியில் விட்டதற்கான டபிள்யூ கணக்கில் வராது, ஆனால் கண்ணில் படும். ஒன்றிரண்டு பரவாயில்லை. பாஸ் என்று மட்டும் இருக்கும் பாடத்துக்கும் மதிப்பு கிடையாது. 2020 வசந்த செமஸ்டரில் கொரோனாவால் பல கல்லூரிகள் பாஸ் முறைக்குப் போனதை எல்லோரும் அறிவார்கள். அந்தக் காலத்துப் பாடம் இருந்தால் விண்ணப்பிக்கும் கல்லூரியிடம் கேட்டுவிடுங்கள். ஏ பிளஸுக்கு 4.0 மட்டுமே. கார்னெல் போன்ற இடங்களில் 4.3 போடுவார்கள், அந்த 0.3 இங்கே வராது.

ஒரு கல்லூரியில் செமஸ்டர், இன்னொன்றில் குவார்ட்டர். எப்படிச் சேர்ப்பது?

குவார்ட்டர் என்பது வருடத்தைச் செமஸ்டரைவிடச் சிறிய பருவங்களாகப் பிரிக்கும் முறை. குவார்ட்டர் கிரெடிட்டை 0.667-ஆல் பெருக்கி செமஸ்டர் கிரெடிட் ஆக்கிய பிறகே கூட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் இது அடிக்கடி வரும். சமுதாயக் கல்லூரியில் செமஸ்டர் முறையில் படித்துவிட்டு, யு.சி.எல்.ஏ.வுக்கோ யு.சி. சான் டியேகோவுக்கோ மாறியவர்கள் அங்கே குவார்ட்டரில் படித்திருப்பார்கள்.

30 செமஸ்டர் கிரெடிட் 3.8 ஜிபிஏவோடும், 45 குவார்ட்டர் கிரெடிட் 3.0 ஜிபிஏவோடும் இருப்பதாக வையுங்கள். மாற்றாமல் கூட்டினால் 249-ஐ 75-ஆல் வகுத்து 3.32 வரும். 45 என்பது உண்மையில் 30 செமஸ்டர் கிரெடிட். 204-ஐ 60-ஆல் வகுத்தால் 3.40. தவறான கணக்கால் தானே தன்னைக் குறைத்து நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். முழுக்க ஒரே முறையில் படித்தவர்களுக்கு இந்த மாற்றத்தால் ஜிபிஏ மாறாது.

எவ்வளவு இருந்தால் இடம் கிடைக்கும்?

2.5 என்பது பரவலாகக் காணும் குறைந்தபட்ச எல்லை. 2.75, 3.0 கேட்கும் கல்லூரிகளும் உண்டு. குறைந்தபட்சம் என்பது கதவு திறப்பதற்குத்தான். உள்ளே சேர்ந்தவர்களின் சராசரி அதைவிட மேலே இருக்கும். அதைக் கல்லூரிகள் தங்கள் தளத்திலேயே போடுகின்றன.

முன்பெல்லாம் ஜிபிஏ குறைந்தவர்களுக்குப் பி-கேட் என்ற மருந்தியல் கல்லூரி நுழைவுத் தேர்வு கைகொடுக்கும். 2024 ஜனவரியோடு அந்தத் தேர்வு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது உங்கள் படிப்புத் திறனுக்குச் சாட்சி சொல்வது டிரான்ஸ்கிரிப்ட் மட்டும்தான்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். மருந்தியல் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் முன்பைவிடக் குறைந்துவிட்டதால், குறைந்த ஜிபிஏவுக்கும் இடம் தரும் கல்லூரிகள் இருக்கின்றன. இடம் கிடைப்பதோடு வேலை முடிந்துவிடாது. நான்கு வருடக் கடனோடு வெளியே வந்து நாப்ளெக்ஸ் என்ற உரிமத் தேர்வில் தேற வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் எத்தனை விழுக்காட்டினர் முதல் முறையிலேயே தேறினார்கள் என்பதை மருந்தக வாரியங்களின் தேசியச் சங்கம் வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதீர்கள். அறிவியல் ஜிபிஏ 2.4-ஓடு சேர்ந்து இரண்டாம் வருடத்தில் திணறிய பிள்ளைகளின் அழுகையைக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இனிமேல் ஜிபிஏவை ஏற்ற முடியுமா?

முடியும், ஆனால் எவ்வளவு என்பதைக் கணக்கே சொல்லிவிடும். 90 கிரெடிட்டில் 2.8 இருக்கிறது என்றால் கையில் 252 புள்ளி. 3.0-ஐத் தொட 18 புள்ளி பாக்கி. ஏ வாங்கும் ஒவ்வொரு கிரெடிட்டும் 3.0-க்கு மேல் 1 புள்ளி தரும், ஆகவே 18 கிரெடிட் போதும். நிதானமாக எடுத்தாலும் ஒரு வருடம். எல்லாவற்றிலும் பி பிளஸ்தான் வரும் என்றால் ஒவ்வொரு கிரெடிட்டும் 0.3 மட்டுமே தரும், 60 கிரெடிட் வேண்டும். இரண்டு வருடம்!

அதனால் ஆறு பாடம் எடுத்து ஆறிலும் பி பிளஸ் வாங்குவதைவிட நான்கு எடுத்து நான்கிலும் ஏ வாங்குவது மேல். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். கடைசி 60 கிரெடிட்டைத் தனியாகப் பார்க்கும் கல்லூரிகளும் உண்டு என்பதால் முதல் வருடம் கெட்டுப்போனவர்கள் மனம் தளர வேண்டாம்.

தமிழ்நாட்டில் பி.ஃபார்ம். முடித்தேன். சிஜிபிஏ 10-க்கு 7.8. அமெரிக்கக் கணக்கில் 3.12 என்று போடலாமா?

0.4-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். அப்படிப் போடக் கூடாது, அது உங்களுக்கே நஷ்டமாகவும் முடியலாம். இந்திய மருந்தியல் குழுமத்தின் விதிப்படி பி.ஃபார்மில் 90-லிருந்து ஓ கிரேடு, 10 புள்ளி. 80-லிருந்து ஏ, 9. 70-லிருந்து பி, 8. 60-லிருந்து சி, 7. 50-லிருந்து டி, 6. நம் ஊரில் 60 விழுக்காடு என்றால் முதல் வகுப்பு. அமெரிக்கக் கண்ணுக்கு 60 என்றால் கிட்டத்தட்டத் தோல்வி. நம் ஊர் சி-யும் இங்குள்ள சி-யும் பெயரில்தான் ஒன்று.

அதனால்தான் வெளிநாட்டுப் பாடங்களை ஃபார்ம்கேஸ் தன் ஜிபிஏவில் சேர்ப்பதில்லை. டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. போன்ற மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகம் வழியாக அனுப்பி, பாடவாரி மதிப்பீடு வாங்க வேண்டும். வெறும் பட்டச் சமானம் போதாது. "பாடவாரி" என்ற சொல்லை மறக்காதீர்கள். நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கி முத்திரையிட்ட உறையில் அனுப்புவதற்கே வாரக்கணக்கில் ஆகலாம், சென்னையில் நேரில் போய் நிற்க ஒரு ஆள் இருந்தால் நல்லது.

இங்கே எம்.எஸ். படித்தவர்களுக்கு அந்த முதுநிலைப் பாடங்கள் தனி ஜிபிஏவாகவும் வரும், மொத்தத்திலும் சேரும். ஊர் மதிப்பெண் சுமாராக இருந்து எம்.எஸ்-இல் நன்றாகச் செய்தவர்களுக்கு இது பெரிய பலம்.

பி.ஃபார்ம். இருக்கும்போது ஏன் ஃபார்ம்.டி.? நேரே உரிமத் தேர்வு எழுதலாமே?

நான் அப்படித்தான் வந்தேன். ஆனால் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான எஃப்.பி.ஜி.இ.சி. சான்று பெற, 2003 ஜனவரி 1 முதல் பட்டம் பெற்றவர்கள் குறைந்தது ஐந்தாண்டுப் பாடத்திட்டம் முடித்திருக்க வேண்டும். நம் பி.ஃபார்ம். நான்கு ஆண்டு. இந்தியாவில் 2008-இல் தொடங்கிய ஆறாண்டு ஃபார்ம்.டி. முடித்தவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. பி.ஃபார்ம். மட்டும் உள்ளவர்கள் இங்கே ஃபார்ம்.டி. படிக்க வேண்டியதுதான்; காலத்தைக் குறைத்துத் தரும் தனித் திட்டங்கள் சில கல்லூரிகளில் உண்டு, விசாரியுங்கள்.

மருந்தியல் கல்லூரி ஃபார்ம்கேஸ் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளுமா?

சில எடுத்துக்கொள்ளும். சில அதற்கு மேல் தங்கள் கணக்கையும் போடும்: முன்தேவைப் பாடங்கள் மட்டும், அல்லது திரும்ப எடுத்ததில் நல்ல கிரேடு மட்டும். நான் சொன்ன பெண்ணுக்கு அப்படி ஒரு கல்லூரிதான் கைகொடுத்தது. சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் இரண்டே கேள்வி அனுப்பச் சொன்னேன்: திரும்ப எடுத்த பாடத்தை எப்படிக் கணக்கிடுவீர்கள், முன்தேவை ஜிபிஏ தனியாகப் பார்ப்பீர்களா. எட்டுக் கல்லூரிகளுக்கு எழுதினாள், பதில்களை ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டு அதன்படி பட்டியலை மாற்றினாள்.

பள்ளி முடித்ததும் நேரே ஆறாண்டுப் படிப்பில் சேர்க்கும் ரட்கர்ஸ், நியூயார்க் செயின்ட் ஜான்ஸ் போன்ற இடங்களில் பள்ளி மதிப்பெண்தான் பார்ப்பார்கள். இந்தப் பக்கம் அவர்களுக்கானது இல்லை.

நான் போட்ட கணக்கும் ஃபார்ம்கேஸ் போட்டதும் ஒத்துப்போகவில்லை. என்ன செய்வது?

0.01, 0.02 வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள், தசமத்தால் வந்தது. அதற்கு மேல் போனால் வரி வரியாகப் பாருங்கள். அநேகமாக ஒரு பாடம் விட்டுப்போயிருக்கும், அல்லது கிரெடிட்டில் 3-க்குப் பதில் 4 விழுந்திருக்கும். விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு பழைய பாடங்களை நீங்கள் திருத்த முடியாது. புதிய கிரேடுகளைச் சேர்க்கத் தனிக் காலம் பிறகு வரும். சரிபார்த்தவர்களின் பிழை என்று உறுதியாகத் தெரிந்தால், டிரான்ஸ்கிரிப்ட்டின் எந்தப் பக்கம், எந்த வரி என்று குறிப்பிட்டு வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள்.

அனுப்பும் முன் ஒரு மாலை ஒதுக்குங்கள். வீட்டில் யாராவது டிரான்ஸ்கிரிப்ட்டைப் பார்த்து உரக்க வாசிக்கட்டும், நீங்கள் திரையைப் பார்த்துச் சரி சொல்லுங்கள். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத பாட்டி ஒருவர் பேத்திக்காக எண்களை மட்டும் வாசித்து, விட்டுப்போன ஒரு ஆய்வகப் பாடத்தைக் கண்டுபிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.